501-வது யூனிட்டின் விலை

தமிழ்நாட்டு வீட்டுக் கரண்ட் பில்லில் ஒரு விசித்திரமான இடம் இருக்கிறது. இரண்டு மாதத்தில் 500 யூனிட் ஓடினால் ஒரு கணக்கு, 501 ஓடினால் வேறு கணக்கு. 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். எண்கள் முழுசாக இருப்பதால் மனக்கணக்குக்கு வசதி. முதல் 100 யூனிட் எல்லோருக்கும் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், அதற்கு மேல் 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். மொத்தம் 1,725. அதே வீடு 501-ஐத் தொட்டால் அந்த 2.25 சலுகை போய்விடும். 101-லிருந்தே 4.50 போட்டு, 500-க்கு மேல் போனதற்கு யூனிட்டுக்கு 8 ரூபாய் போடுவார்கள். பில் 1,958. ஆக, அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய். 2024-ல் கட்டணம் இன்னும் கொஞ்சம் ஏறியபோதும் இந்தப் படி மட்டும் அப்படியே நின்றது.

எங்கள் வீட்டில் 'சுற்றுச்சூழல்' என்ற பேச்சு இந்த 233 ரூபாயில்தான் தொடங்கியது. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. நம் ஊரில் ஒரு யூனிட் கரண்டில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்தும் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியிலிருந்தும்தான் வருகிறது. இந்தியாவின் சராசரியைப் பார்த்தால் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு. எண்ணூர்ப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இதைக் கிலோவில் சொல்லத் தேவையில்லை, கொடியில் காயும் துணியே சொல்லிவிடும். நான் காசுக்காக மிச்சம் பிடித்தாலும் அவர்கள் தலையில் விழும் சாம்பல் அந்த அளவுக்குக் குறையத்தான் செய்கிறது. நோக்கம் எதுவானால் என்ன?

இப்படி ஒவ்வொரு பில்லாக உட்கார்ந்து பார்த்ததில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். வீட்டில் மாதாமாதம் பணம் கரைவது நாலே வழியில்: எதையாவது சூடாக்குவது, எதையாவது குளிரவைப்பது, தண்ணீரை மேலே ஏற்றுவது, நாள் முழுக்க ஓயாமல் எதையாவது சுற்றவிடுவது. 'ஈக்கோ ஃப்ரெண்ட்லி' என்று பச்சை இலைப் படம் போட்டுக் கடையில் விற்கும் சாமான் எதுவும் இந்த நாலுக்குள் வராது. மூங்கில் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா, அழகான அட்டைப்பெட்டியில் வரும் பாத்திரம் துலக்கும் திரவம் எல்லாம் நல்லவையாகவே இருக்கட்டும். அவற்றால் ஈபி பில்லும் குறையாது, சிலிண்டரும் கூடுதலாக நாலு நாள் வராது.

சுற்றுவதிலிருந்து ஆரம்பிக்கலாம். நம்மில் பலர் ஃபேனைச் செலவு என்றே நினைப்பதில்லை. சாதாரண சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட் எடுக்கும். சென்னையில், அதுவும் எங்கள் தாம்பரம் பக்கம், ஹாலில் உள்ள ஃபேன் ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் சுற்றுவது சாதாரணம். அப்படியானால் நாளைக்கு 1.2 யூனிட், இரண்டு மாதத்தில் 72. பிஎல்டிசி ஃபேன், அதாவது குறைந்த கரண்டில் ஓடும் புதுவகை மோட்டார் வைத்த ஃபேன், 30 வாட் அளவில் முடித்துக்கொள்ளும், அதே நேரத்துக்கு 29 யூனிட்தான். ஒரு ஃபேனுக்கு 43 யூனிட் மிச்சம். ஹாலுக்கு ஒன்று, எல்லோரும் படுக்கும் பெரிய ரூமுக்கு ஒன்று என்று இரண்டை மட்டும் மாற்றினோம். 560, 570 என்று போய்க்கொண்டிருந்த வீடு 500 என்ற கோட்டுக்குக் கீழே இறங்க அதுவே போதுமாக இருந்தது. இன்னொரு லாபம், எங்கள் தெருவில் சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும்போது பழைய ஃபேன் முனகிக்கொண்டு சுற்றும்; இது அசராமல் அதே வேகத்தில் ஓடுகிறது.

மற்ற ரூம் ஃபேன்களை ஏன் மாற்றவில்லை என்று என் தம்பி கேட்டான். விருந்தாளி வந்தால் மட்டும் சுற்றும் ஃபேனுக்கு மூவாயிரம் ரூபாய் போட்டால் அந்தப் பணம் திரும்பிவர என் பேரப்பிள்ளை காலம் ஆகிவிடும். நன்றாக ஓடும் ஒரு ஃபேனைக் கழற்றிக் காயலான் கடையில் போடுவது பூமிக்கும் நல்லதில்லை. ஓட்டத்தைப் பார்த்து மாற்ற வேண்டும், வயதைப் பார்த்து அல்ல. அத்தைக்கு ஊரில் கிடைத்த டேபிள் ஃபேன், 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லாத் திட்டத்தில் வந்தது, இன்னும் பூஜை ரூமில் ஓடுகிறது. மாற்ற வேண்டியது ஏதாவது இருந்தால் அது அந்தக் காலத்துப் பெரிய டப்பா ரெகுலேட்டர். அதில் ஃபேனை மெதுவாக வைத்தால் மிச்சமாவது கொஞ்சம்தான், குறைத்ததில் பெரும்பகுதியை ரெகுலேட்டரே சூடாக மாற்றிக் குடித்துவிடும். தொட்டுப் பார்த்தாலே தெரியும். சின்ன எலக்ட்ரானிக் ரெகுலேட்டருக்கு ஆகும் செலவு இருநூறு, முந்நூறு ரூபாய்தான். புது ஃபேன் வாங்குகிறவர்கள் நட்சத்திர லேபிளைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கு அது கட்டாயம்.

குளிரவைப்பதுதான் பெரிய திமிங்கிலம். ஒன்றரை டன் இன்வெர்டர் ஏசி ஒரு ராத்திரிக்கு ஐந்தாறு யூனிட் எடுக்கும். ஏப்ரல், மே இரண்டு மாதமும் தினம் போட்டால் அதுவே 300-ஐத் தாண்டும். 2020 ஜனவரியிலிருந்து புது ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில்தான் நிற்க வேண்டும் என்று விதி வந்தது. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. நாங்கள் 27-ல் வைத்து ஃபேனை மெதுவாக விடுகிறோம். இதை அத்தைக்குப் புரியவைப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஏம்மா, ஏசியும் ஓடுது, ஃபேனும் ஓடுது. ரெண்டு செலவாச்சே?"

"இல்லத்தை, ஃபேன் ஓடுனா ஏசிக்கு வேலை கம்மி. இது முப்பது வாட்டு, அது ஆயிரத்துச் சொச்சம்."

"என்னமோ போ. வாசல் திண்ணையில படுத்தா ஒரு வாட்டும் வேணாம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. திண்ணை இல்லை என்பதுதான் பிரச்சினை. காங்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு அதை நம் மேல் இறக்குகிறது. ஏசி உண்மையில் போராடுவது அந்தத் தளத்தோடுதான். அதனால் இந்த வீட்டில் நாங்கள் செய்தவற்றிலேயே, போட்ட காசுக்கு அதிகம் பலன் கொடுத்தது எது என்று கேட்டால் மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தது என்பேன்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் விலை கூடிய 'கூல் ரூஃப்' பெயின்ட் விற்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். மாசி கடைசியில், வெயில் ஏறுவதற்கு முன், கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்க வேண்டும். பெயின்ட் கடையில் பாக்கெட்டில் கிடைக்கும் பொடியும் பரவாயில்லை, ஆனால் நீற்றாத சுண்ணாம்புக்கு இருக்கும் பிடிப்பு அதில் வராது. நீற்றாத சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டால் புஸ்ஸென்று சீறி, ஆவி கிளம்பி, கொதிக்கவே கொதிக்கும். பிளாஸ்டிக் வாளியில் போட்டால் வாளி நெளிந்துவிடும், இரும்பு டிரம்தான் சரி. பிள்ளைகளை மாடிப் பக்கமே விடக்கூடாது. கண்ணில் ஒரு துளி தெறித்தால்கூட ஆபத்து, அதனால் கலக்குகிறவர் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு ராத்திரி ஊறி ஆறியபின் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் ஃபெவிகால், கொஞ்சம் வெள்ளை சிமென்ட் சேர்த்து, மோர் பதத்துக்குக் கரைத்துக்கொள்ளலாம். தளத்தை நன்றாகப் பெருக்கிக் கழுவி, ஈரம் இருக்கும்போதே வெயில் சாய்ந்த பிறகு தென்னை மட்டைப் பிரஷ்ஷால் முதல் பூச்சு. மறுநாள் சாயங்காலம் குறுக்குவாட்டில் இரண்டாவது. வடகிழக்குப் பருவமழையில் பாதி கரைந்துவிடும், அடுத்த வருடம் மறுபடி அடிக்க வேண்டும். எங்கள் ஆயிரம் சதுர அடித் தளத்துக்கு ஆள்கூலியோடு சேர்த்தும் ஒரு கோடைகால பில்லுக்குள் முடிந்துவிடுகிறது.

பலன்? சித்திரை மதியம் அடிக்காத பக்கத்து மாடியில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது, எங்கள் மாடியில் துணி எடுக்க வெறுங்காலோடு போய்வரலாம். கீழே ரூமில் ராத்திரி ஏசியை ஒரு மணிக்கு நிறுத்திவிட்டுத் தூங்க முடிகிறது. வெள்ளைத் தளத்தில் பட்ட வெயில் கண்ணைக் கூசும், அது ஒன்றுதான் தொந்தரவு.

ஃப்ரிட்ஜைப் பற்றிப் பெரிதாக ஒன்றுமில்லை. சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி வைத்து, கதவு ரப்பர் தளர்ந்திருந்தால் மாற்றினால் போதும். கதவில் ஒரு ரூபாய்த் தாளைச் சொருகி மூடி இழுத்துப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். கீசரும் அப்படித்தான். சென்னையில் மார்கழியின் சில காலைகளைத் தவிர அதற்கு வேலையே இல்லை. சாயங்காலம் குளிக்கிறவர்களுக்கு மாடி டேங்க் தண்ணீரே சுடச்சுட வருகிறது, இலவசமாக.

அடுத்தது தண்ணீர். தண்ணீரில் காசு இல்லை என்று நினைப்பவர்கள் மோட்டாரைப் பார்க்க வேண்டும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு ஏறத்தாழ 1 யூனிட் எடுக்கும். தினம் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 60 யூனிட். நாம் குளிப்பதும் துவைப்பதும் பாத்திரம் கழுவுவதும் கரண்ட் பில்லில்தான் வந்து விழுகின்றன, தனியாகத் தெரிவதில்லை, அவ்வளவுதான். மோட்டாரைப் போட்டுவிட்டு சீரியல் பார்க்க உட்கார்ந்து, டேங்க் வழிந்து, கீழ்வீட்டுக்காரர் குரல் கொடுத்த பிறகு ஓடுவது தமிழ்நாட்டின் தெருவுக்குத் தெரு நடக்கும் நிகழ்ச்சி. தினம் பத்து நிமிடம் வழிந்தால் அதிலேயே 10 யூனிட் போகிறது. டேங்க் நிரம்பினால் தானே நிற்கும் ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர் ஒன்று மாட்டினால் இந்தத் தொல்லை தீர்ந்தது. பாத்திரம் கழுவும் குழாயின் வாயில் ஏரேட்டர் மாட்டினால் நீர் காற்றோடு கலந்து வரும். வேகம் குறைந்த மாதிரி தெரியாது, செலவு நன்றாகக் குறையும். நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் பொருள்.

ஆர்ஓ மெஷின் வைத்திருப்பவர்கள் பின்னால் போகும் மெல்லிய வெள்ளைக் குழாயைக் கவனியுங்கள். ஒரு லிட்டர் குடிநீர் பிடித்தால் இரண்டு, மூன்று லிட்டர் வெளியே போகிறது. அந்தக் குழாயை ஒரு குடத்துக்குள் விட்டால் தரை துடைக்கவும் கக்கூஸுக்கு ஊற்றவும் தாராளமாக ஆகும். உப்பு அதிகம் என்பதால் செடிக்கு ஊற்றுவதில்லை. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் செடிக்கு நல்லது. சென்னைக் காற்றின் ஈரப்பதத்துக்கு ஒரு ராத்திரியில் அது வாளியில் கணிசமாகவே சேர்கிறது.

2019 கோடையை இந்தப் பக்கம் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரிகளும் வறண்டு, ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு வில்லிவாக்கத்துக்கு ரயில் வந்தது. லாரிக்குப் போன் பண்ணினால் எடுக்க மாட்டார்கள். எடுத்தாலும் சொன்னதுதான் விலை. அந்த வருடம் எங்கள் தெருவில் பணக்காரர் என்றால் கிணற்றில் தண்ணீர் உள்ளவர் என்று அர்த்தம்.

மழைநீர் சேகரிப்பு 2003-லேயே தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது. எல்லார் வீட்டிலும் குழாய் இருக்கிறது. பல வீடுகளில் அந்தக் குழாய் எங்கே போகிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது. சில வீடுகளில் அது நேராக மழைநீர்க் கால்வாய்க்குத்தான் போகிறது. கணக்கு மிக எளிது: ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடித் தளம் என்பது 93 சதுர மீட்டர். சென்னையில் வருடத்துக்குச் சராசரி 1,400 மில்லிமீட்டர் மழை. பெருக்கினால் 1.3 லட்சம் லிட்டர். ஆவியாவதும் சிதறுவதும் போக ஒரு லட்சம் தேறும். பெரிய லாரி ஒன்று 12,000 லிட்டர் என்றால் எட்டு லாரித் தண்ணீர் வருடாவருடம் நம் மாடியில் வந்து இறங்குகிறது. அதைத் தெருவில் விட்டுவிட்டுச் சித்திரையில் காசு கொடுத்து லாரித் தண்ணீர் வாங்குகிறோம்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய உறைகிணறு இருந்தது, மூடிபோட்டு மேலே துளசி மாடம் வைத்திருந்தார்கள். அதைத் திறந்து, மாடிக் குழாய்களை ஒரு வடிகட்டித் தொட்டி வழியாக அதற்குள் விட்டோம். தொட்டியில் அடியில் கருங்கல் ஜல்லி, அதன் மேல் கூழாங்கல், எல்லாவற்றுக்கும் மேல் ஆற்று மணல். ஐப்பசி பிறப்பதற்கு முன் ஒருநாள் இதைத் திறந்து பார்க்க வேண்டும். மணலின் மேற்பரப்பில் வேப்பஞ்சருகும் புறா எச்சமும் தூசியும் சேர்ந்து அப்பளம்போல் ஒரு பொருக்கு படிந்திருக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டால் தண்ணீர் மறுபடி இறங்கும். சுரண்டாவிட்டால் தொட்டி நிரம்பி வாசலுக்கு வழியும், மழைநீர் சேகரிப்பால் பிரயோஜனமே இல்லை என்று அதே வாசலில் நின்று சொல்வோம். முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிட வேண்டும், அது மாடியைக் கழுவுகிற மழை.

இதில் ஒரு நியாயக்கேடும் இருக்கிறது. நான் கிணற்றில் இறக்கிய தண்ணீரைப் பக்கத்து மனையில் நாலு மாடி அபார்ட்மென்ட்டின் போர்வெல் உறிஞ்சிக்கொள்ளும். நிலத்தடி நீருக்குக் காம்பவுண்டுச் சுவர் கிடையாது. தெருவே சேர்ந்து செய்தால்தான் ஊற்று நிற்கும். எங்கள் தெருவில் பாதி வீடுகள் செய்திருக்கின்றன, மீதிப் பாதி லாரிக்காரர் நம்பரை வைத்திருக்கின்றன.

கடைசியாகச் சூடாக்குவது, அதாவது அடுப்படி. இங்கே பாட்டிகாலத்து வழக்கங்களே போதும். பருப்பையும் கொண்டைக்கடலையையும் ஊறவைப்பது, குக்கரில் அடுக்குப் பாத்திரம் வைத்து ஒரே நேரத்தில் சாதம், பருப்பு, காய் மூன்றையும் எடுப்பது, முதல் விசில் வந்ததும் சிம்மில் வைப்பது. விசில் என்பது வீணாகும் ஆவி. நாலு விசில் விட்டால்தான் பருப்பு வேகும் என்பதைவிட, ஒரு விசிலும் பத்து நிமிடச் சிம்மும் என்று கணக்கு வைத்தால் காஸ் நிறையவே மிச்சம்.

அதைவிடப் பெரிய மிச்சம் ஒன்று இருக்கிறது, கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். அங்கும் கேரளத்திலும் புழங்கும் தெர்மல் ரைஸ் குக்கர், சூடு ஆறாத பெட்டி. கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் என்ற அறிவியல் இயக்கம் இதை வீடுவீடாகப் பரப்பியது. கொள்கை ரொம்பச் சாதாரணம். அரிசியைப் போட்டு அஞ்சு பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டு, பாத்திரத்தோடு தூக்கி, சூடு வெளியேறாத பெட்டிக்குள் வைத்து மூடிவிட வேண்டும். ஒரு மணி நேரத்தில் மீதியை அந்தச் சூடே வேகவைத்துவிடும். புழுங்கலரிசி, அதிலும் மட்டையரிசி சமைப்பவர்களுக்கு இது வரப்பிரசாதம். முக்கால் மணி நேரம் எரிய வேண்டிய அடுப்பு பத்து நிமிடத்தில் அணைந்துவிடும். பெட்டி வாங்கத் தயக்கமாக இருந்தால் ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் பழைய போர்வையைச் சுற்றிவைத்து ஒருநாள் சோதித்துப் பாருங்கள். அத்தைக்கு இதில் முழு நம்பிக்கை வரவில்லை. அரைமணிக்கு ஒருதரம் திறந்து பார்ப்பார், சூடு போய்விடும். பார்க்காமல் இருக்கப் பழகுவதுதான் இந்தச் சமையலின் பக்குவம்.

காஸை விட்டு இண்டக்ஷனுக்கு மாறலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இதற்கு ஒரே பதில் கிடையாது. 14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் வெப்பம் சுமார் 180 யூனிட் கரண்டுக்குச் சமம். ஆனால் காஸ் அடுப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாத்திரத்தின் ஓரமாகப் போய்விடும். இண்டக்ஷனில் அவ்வளவு வீணாவதில்லை. அதனால் ஒரு சிலிண்டர் சமையலை 130, 140 யூனிட்டில் முடிக்கலாம். அந்த யூனிட்கள் உங்களுக்கு 2022 கட்டணத்தின் 4.50 ரூபாய்ப் படியில் விழுந்தால் சிலிண்டர் விலையைவிட மலிவு. 500-க்கு மேல் 8, 9 ரூபாய்ப் படியில் விழுந்தால் நஷ்டம். ஆகவே ஏசி ஓடாத மார்கழியில் இண்டக்ஷன், கத்திரியில் காஸ் என்பது எங்கள் வீட்டு ஏற்பாடு. பூமியின் கணக்கு இதற்கு நேர்மாறாக இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. தமிழ்நாட்டில் காற்றாலைகள் மட்டும் 10,000 மெகாவாட்டுக்கு மேல் இருக்கின்றன. முப்பந்தலிலும் ஆரல்வாய்மொழியிலும் அவை மும்முரமாகச் சுற்றுவது மே முதல் செப்டம்பர் வரை. கரண்ட் கொஞ்சம் சுத்தமாக வரும் மாதங்களில் நாம் காஸ் கொளுத்துகிறோம், காற்று அடங்கிய மார்கழியில் கரண்டில் சமைக்கிறோம். பில் ஒரு பக்கம் இழுக்கிறது, காற்று இன்னொரு பக்கம். இந்த ஒரு இடத்தில் நான் பில் பக்கம்தான்.

வாஷிங் மெஷினையும் மோட்டாரையும் மட்டும் மதியத்துக்கு மாற்றியிருக்கிறோம். அந்நேரம் சோலார் கரண்ட் நிறைய வரும். இதனால் வீட்டு பில்லில் ஒரு பைசா குறையாது. துணி சீக்கிரம் காய்கிறது, அது போதும்.

அப்புறம், குப்பை. அடி ஓட்டை போட்ட பழைய பெயின்ட் வாளியில் காய்கறித் தோல் ஒரு கை, காய்ந்த சருகு இரண்டு கை என்று போட்டு வந்தால் நாற்றம் வராது. சருகு குறைந்தால் வரும். இதில் மிச்சமாகும் பணம் பெரிதில்லை, உரமூட்டை வாங்குவதில்லை என்பதோடு சரி. ஆனால் கறிவேப்பிலையும் பச்சைமிளகாயும் வாங்கி ரொம்ப நாளாகிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களில் 14 வகைக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' வந்தது. மீன் வாங்கப் போகும்போது தூக்குவாளி கொண்டுபோனால் கடைக்காரர் இப்போது சிரிப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு கல்யாணத்திலும் தாம்பூலத்தோடு ஒரு புது மஞ்சப்பை கொடுத்து, வீட்டில் அலமாரி நிறைய மஞ்சப்பை சேர்ந்திருப்பது எந்த ஊர்ப் பசுமை என்று தெரியவில்லை. பருத்திக்கும் தண்ணீர் வேண்டும். இருப்பதை எடுத்துப்போவதில்தான் விஷயம்.

தெருவில் 'பழைய இரும்பு, ஈயம், பித்தாளைக்குப் பேரீச்சம்பழம்' என்று கூவிக்கொண்டு போனவர்கள் நடத்திய மறுசுழற்சிக்கு எந்தத் திட்டமும் ஈடில்லை. இப்போது அவர்கள் தள்ளுவண்டியில் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு, பழத்துக்குப் பதில் பிளாஸ்டிக் வாளி கொடுக்கிறார்கள். நான் பேப்பர்க் கடையிலேயே போட்டுவிடுகிறேன், எடைக்குக் காசு வருகிறது.

மாதவிடாய்க் கப் பற்றியும் ஒரு வரி. ஒன்று வாங்கினால் வருடக்கணக்கில் வரும், நாப்கின் செலவும் குப்பையும் அடியோடு நிற்கும். இந்தப் பட்டியலில் போட்ட காசைச் சீக்கிரம் திருப்பித் தரும் பொருள் அதுவாகத்தான் இருக்கும், வீட்டில் அதைப் பற்றித்தான் யாரும் பேச மாட்டார்கள்.

எல்லோரும் கேட்கும் கடைசிக் கேள்வி சோலார். 2024 பிப்ரவரியில் வந்த 'சூர்ய கர்' திட்டத்தில் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000. ஒரு கிலோவாட் நாளுக்குச் சராசரி 4 யூனிட் தரும். 2 கிலோவாட் போட்டால் இரண்டு மாதத்தில் 480 யூனிட். இதே 2022 கட்டணத்தில், 900 யூனிட் ஓட்டும் வீட்டின் பில் 5,550 ரூபாய். சோலார் போக மீதி 420 யூனிட்டுக்கு 1,245 ரூபாய்தான். ஒவ்வொரு பில்லிலும் நாலாயிரத்துக்கு மேல் மிச்சம், மானியம் போகக் கைக்காசு மூன்று நாலு வருடத்தில் திரும்பிவிடும். அப்படிப்பட்ட வீடுகள் யோசிக்கவே வேண்டாம், போட்டுவிடலாம். ஆனால் 300 யூனிட் ஓட்டுகிற வீட்டின் பில்லே 675 ரூபாய்தான். வருடம் முழுவதும் சேர்த்தால் 4,050. அதை மிச்சம் பிடிக்க அறுபதாயிரம் எழுபதாயிரம் போட்டால் திரும்பிவரப் பதினைந்து, பதினேழு வருடம் ஆகும். மின்சாரத்தைக் குறைத்துக்கொண்ட வீட்டுக்குச் சோலார் கட்டுப்படி ஆகாமல் போவது இந்தக் கட்டண அமைப்பின் குறும்பு.

நாங்கள் இப்போது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறோம். மாடியில் ஒரு போர்ஷன் கட்டித் தம்பி குடிவருவதாகப் பேச்சு இருக்கிறது. அப்போது இன்னொரு ஏசி வரும், கணக்கு மாறும். கணவர் இப்போதே கம்பெனிக்காரரை வரச்சொல்லி அளவெடுத்துவிட்டார். 2 கிலோவாட்டுக்கு 200 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டுமாம். தென்மேற்கு மூலை அதற்குத் தோதாக இருக்கிறது என்றார் வந்தவர். அது அத்தை வத்தல் காயப்போடும் மூலை. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.